பிரான்சுக்காக வாதாடியவர்

மேசையில் அவர் ஓங்கி அடித்ததில் தேநீர்க் கோப்பை சரிந்தது. தேநீர் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் ஓடிவந்து நான் உடுத்திருந்த சாரத்தில் சொட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அந்தாள் வேறை என்ன செய்திருக்கலாம்? சொல்லும் ஜெமீல்! படையை அனுப்பியிருக்கலாமோ? ஆரை நம்பி? இங்கிலீசுக்காரன் வரமாட்டன் எண்டிட்டான். தன்ரை வீட்டுப் பிள்ளையளைக் கொண்டுபோய்ச் சாகக் குடுக்கச் சொல்லுறீரோ?"

வெளியே மழை. மாரி காலத்து வெள்ளிக்கிழமைப் பின்னேரம். ஜும்ஆ முடிந்து வந்து, நானே சமைத்த சோற்றை நானே சாப்பிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அவருக்காகக் காத்திருந்தேன். அவர் வழக்கம்போல நனைந்தபடி ஸ்கூட்டரில் வந்தார். வழக்கம்போல நாங்கள் ஐரோப்பாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினோம். மேசையில் அடித்தது மட்டும் வழக்கம் இல்லை.

அவர் 'அந்தாள்' என்று சொன்ன மனிதர் செத்து எத்தனையோ காலம். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தின் கடைசியில் பிரான்சின் பிரதமராக இருந்தவர். செக்கோஸ்லாவாக்கியா என்ற சிறிய நாட்டுக்கு ஆபத்து வந்தால் துணைக்கு வருவோம் என்று பிரான்ஸ் எழுத்தில் வாக்குக் கொடுத்திருந்தது. ஆபத்து வந்தது. ஜேர்மனியின் சர்வாதிகாரி அந்த நாட்டின் எல்லை மலைகளைக் கேட்டான். மியூனிக் நகரில் நான்கு பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். துணைக்கு வருவேன் என்ற பிரான்சும் அதில் ஒன்று. மலைகளைக் கொடுத்துவிடலாம் என்று நால்வரும் கையெழுத்திட்டார்கள்.

அந்தப் பிரெஞ்சுப் பிரதமருக்காகத்தான், எழுபது வயது கடந்த ஓர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் யாழ்ப்பாணத்தில் என் வீட்டு மேசையை அடித்தார்.

நான் ஈரச் சாரத்தைக்கூடப் பிழியாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய நாட்களில் எனக்குத் தெரிந்த குகதாசன் மாஸ்டர் இப்படிப் பேசுகிறவர் அல்ல.

வரைபடம் கீறியவர்

புத்தளத்து அகதி முகாம் நாட்களைப் பற்றி நான் சென்ற கிழமைகளில் இந்தப் பத்தியில் எழுதியதை வாசித்த சிலர், 'ஊருக்குத் தனியாகத் திரும்பிப் போனீர்களே, அங்கே உங்களோடு கதைக்க யார் இருந்தார்கள்?' என்று கேட்டிருந்தார்கள். இவர் இருந்தார். இவரைப் பற்றி எழுதுவதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே வருடத்தில் ஒரே கல்லூரிக்கு ஆசிரியர்களாக வந்தோம். நான் உயர்தர வகுப்புக்கு உலக வரலாறு. அவர் புவியியல். எனக்குப் படம் கீற வராது. இத்தாலியைக் கீறினால் எல்லோருக்கும் காலில் போடும் சப்பாத்து மாதிரி வரும், எனக்கு வெண்டிக்காய் மாதிரி வரும். ஆகவே அந்தப் பாடம் வரும்போதெல்லாம் அவர் தன் ஓய்வு நேரத்தை விட்டுவிட்டு என் வகுப்புக்கு வந்து வரைபடம் கீறித் தருவார்.

செக்கோஸ்லாவாக்கியாவை அவர் கீறும் விதமே தனி. எல்லைக் கோட்டுக்கு முன்பாகவே மண்ணிறச் சோக்கால் மேற்கு மலைகளைப் போட்டுவிடுவார்.

"பாருங்கோ பிள்ளையள், இந்த மலையள்தான் இந்த நாட்டுக்கு மதில். கோட்டை கொத்தளம் எல்லாம் இதுக்கைதான். உதைக் குடுத்திட்டால் பிறகு வீட்டுக்குள்ளை ஆரும் வரலாம்."

"சேர், உது சோதினைக்கு வருமோ?" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன் கேட்பான்.

"வராட்டி இந்தச் சோக்கைக் கரைச்சுக் குடிக்கிறன்," என்பார்.

ஆசிரியர் அறையில் அவருக்கு அந்தப் பிரெஞ்சுப் பிரதமர்மேல்தான் கோபம். மியூனிக்கிலிருந்து அந்த மனிதர் திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் பெருங்கூட்டம் நின்றதாம். தன்னை அடிக்கத்தான் நிற்கிறார்கள் என்று அவர் பயந்தாராம். இறங்கினால் பூவும் கைதட்டலும். 'முட்டாள்கள்' என்று பக்கத்தில் நின்றவரிடம் முணுமுணுத்ததாகச் சொல்வார்கள்.

"பாத்தீரோ?" என்பார் குகதாசன். "அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தக் குடைபிடிச்ச இங்கிலீசுப் பிரதமரையாவது விடலாம். அந்த மனிசன் சமாதானம் வந்திட்டுது எண்டு உண்மையிலையே நம்பினது. இவன் தெரிஞ்சுகொண்டு கைவிட்டவன். அதுவும் வாக்குக் குடுத்த சினேகிதனை. இவனை மன்னிக்கேலாது."

எனக்கு வேறு இரண்டு பேர்தான் மனதில் நிற்பார்கள். செக் நாட்டின் பிரதிநிதிகள் இருவர். தங்கள் நாட்டை வெட்டும் கூட்டத்துக்குள் அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை. ஹோட்டல் அறையில் காவலோடு காத்திருக்க வைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட்டு, எது போகிறது எது மிஞ்சுகிறது என்று சொன்னார்கள். அவர்கள் அந்த அறையில் என்ன பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எந்தச் சோதினையிலும் கேள்வி வந்ததில்லை.

அபிசீனியாவின் சக்கரவர்த்தி ஜெனீவாவில் பேச எழுந்தபோது விசில் அடித்தவர்களைப் பற்றியும் வகுப்பில் சொல்வேன். இத்தாலியிடம் நாடு பறிபோன ஒரு மனிதர், உலக நாடுகள் கூடியிருந்த சபையில் நியாயம் கேட்க வந்து நிற்கிறார். மேலே பத்திரிகையாளர் பகுதியிலிருந்து இத்தாலியர்கள் விசில் அடிக்கிறார்கள். அவர் அது அடங்கும்வரை பேசாமல் நின்றார். அதைச் சொல்லும்போது என் வகுப்பும் அடங்கிவிடும். வெளியே ஹெலிகொப்டர் சுற்றுகிற காலம் அது. பிள்ளைகளுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை.

முருங்கையின் கீழ் அடுப்பு

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இராணுவமும் வெளியே தமிழ் ஆயுத இயக்கமும் நின்று சண்டை பிடித்த அந்த வருடம், எங்கள் சோனகத் தெருப் பக்கம் குண்டுகள் விழத் தொடங்கின. கோட்டைக்கு விட்ட குறி தவறினாலும் எங்களுக்குத்தான்.

ஒரு காலை குகதாசன் மாஸ்டர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"உடுப்பை மட்டும் எடும். மிச்சத்தைப் பிறகு பாப்பம். எங்கடை வீட்டை வாரும்," என்றார்.

அவர் வீடு அரியாலையில், கண்டி வீதிக் கரையிலேயே இருந்தது. நான், மனைவி ராஹிலா, மகள் சுமையா, கைக்குழந்தையாக இருந்த மகன், நால்வரும் போனோம். பல கிழமைகள் இருந்தோம். சுமையாவுக்கு அப்போது ஆறு ஏழு வயது. அவரை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு, அவருடைய சைக்கிள் பாரில் உட்கார்ந்து கடற்கரைப் பக்கம் போய் வருவாள்.

அவர்கள் சுத்த சைவம். அவருடைய மனைவி மனோன்மணி நாங்கள் போன மறுநாளே சந்தைக்குப் போய்ப் புதுச் சட்டி பானை வாங்கி வந்தார். முற்றத்து முருங்கையின் கீழே கல் வைத்து ஓர் அடுப்பு மூட்டினார்.

"தங்கச்சி, மீன் காய்ச்சிறதெண்டால் இதிலை காய்ச்சுங்கோ. எங்களுக்காகப் பாக்காதையுங்கோ. பிள்ளையள் மீனில்லாமல் இளைச்சுப் போயிடுவினம்," என்றார்.

தன் வீட்டு முற்றத்தில் மீன் வாசம் வரச் சம்மதித்த அந்தப் பெண்மணியை நான் எந்தக் காலத்திலும் குறைத்து எழுத மாட்டேன்.

சண்டை ஓய்ந்து நாங்கள் தெருவுக்குத் திரும்பிய அன்று, குகதாசன் வேலி வாசலின் மரப் படலை வரை வந்தார். "இனி எது வந்தாலும் யோசிக்காதையும். நேரை இஞ்சை வாரும். நான் இருக்கிறன்," என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு சில கிழமைகள்தான்.

லொறி

ஐப்பசி மாதம். காலையில் இயக்கத்தின் ஒலிபெருக்கி பூட்டிய வாகனம் தெருத் தெருவாக வந்தது. முஸ்லிம்கள் எல்லோரும் மைதானத்துக்கு வரவேண்டும் என்றார்கள். ஏதோ கூட்டம் என்று நினைத்தோம். இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போக வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கு மேலிடத்து முடிவு என்று மட்டும் பதில் வந்தது. எங்களைப் பற்றிய முடிவு, எங்களில் ஒருவரும் இல்லாத ஓர் அறையில் எடுக்கப்பட்டிருந்தது.

தெரு முனையில் பைகளைக் கிளறினார்கள். நகைகளைக் கழற்றச் சொன்னார்கள். சுமையாவின் காதுத் தோட்டை ராஹிலாவே கழற்றிக் கொடுத்தாள். அவர்கள் இழுத்தால் காது கிழிந்துவிடும் என்ற பயம்.

"அரியாலை மாஸ்டர் வீட்டை போவமா?" என்று அவள் என் காதோடு கேட்டாள்.

"அவரே வருவார்," என்றேன்.

உண்மையில் வருவார் என்றுதான் நம்பினேன். தூரத்தில் தெரிந்த ஒவ்வொரு சைக்கிளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்து என்ன செய்வார் என்று நான் யோசிக்கவில்லை. வந்து பக்கத்தில் நின்றால் போதும் போல இருந்தது.

அவர் வரவில்லை. எங்களை ஒரு லொறியில் ஏற்றினார்கள். நான் நடுவில் நெரிபட்டு நின்றேன். ராஹிலா பிள்ளைகளோடு பக்கப் பலகையை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். லொறி கண்டி வீதியால் போனது. அரியாலை வருகிறது என்று மர உச்சிகளை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. வீதியோரத்தில் சில பெண்கள் அழுதார்கள். யாரோ தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்கள். தலைகளுக்கு மேலால் எட்டிப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. பிறகு நாவற்குழிப் பாலத்துக் காற்று அடித்தது.

அவருக்கு விஷயம் தெரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைச் சொல்லித்தான் பல வருடங்களைக் கழித்தேன்.

தனி ஆள் சமையல்

புத்தளத்தில் கொட்டிலில் தொடங்கிய வாழ்க்கை மெல்லக் கல்வீடானது. அங்கும் நான் வரலாறுதான் படிப்பித்தேன். மியூனிக் பாடத்தை மட்டும் ஒரே பாடவேளையில் முடித்துவிடுவேன். ராஹிலா அங்கேயே மௌத்தானாள். அங்கேயே அடக்கம். மகனுக்கு அங்கே கடை. சுமையா அங்கே ஆசிரியை, அவளுடைய பிள்ளைகள் அந்த ஊர்ப் பிள்ளைகள்.

போர் முடிந்து பாதை திறந்ததும் நான் மட்டும் திரும்பி வந்தேன். பிள்ளைகள் தடுத்தார்கள். ஊர் என்னைக் கூப்பிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அது என்னுடைய வீடு, வேறு ஒருவருடைய உத்தரவில் அதை விட்டுப் போனேன், அவ்வளவுதான்.

வீடு என்று சொன்னாலும் நான்கு சுவர்தான் நின்றது. கூரை இல்லை. நடு அறையில் ஒரு வேம்பு ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஓர் அறையையும் குசினியையும் திருத்திக் குடியேறினேன். இடப்பக்கத்து வீடு இடிந்து கிடந்தது. வலப்பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு விற்பதற்கு ஆள் தேடிக்கொண்டு போய்விட்டார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் முதல் வரிசை நிறையாது.

தனியாக இருப்பவனுக்குச் சோறு அளவாகச் சமைக்க வராது. எப்படிப் போட்டாலும் மிஞ்சும். மிஞ்சியதை இரவு சாப்பிடுவேன். கதைக்க ஆள் இல்லாத நாட்களில் பின்னேரம் தொண்டையைச் செருமினால் குரல் வேறு யாருடையதோ போல வரும்.

வெள்ளிக்கிழமைகள்

நான் வந்து சில மாதங்களில் குகதாசன் மாஸ்டர் தேடிக்கொண்டு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மனைவி இறந்துவிட்டதாகவும், மகன் இலண்டனிலும் மகள் கனடாவிலும் இருப்பதாகவும் சொன்னார். நான் ராஹிலாவைச் சொன்னேன்.

பிறகு அவர்தான் கேட்டார்: "இப்பவும் அந்தக் காலத்து ஐரோப்பாவைப் படிக்கிறனீரோ?"

"ஓம். புத்தகம் கிடைச்சால் படிக்கிறன்."

"நானும்தான்," என்றார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாது. ஜெனீவாச் சபை ஏன் தோற்றது, ஸ்பெயினில் தலையிடாமல் நின்றவர்கள் செய்தது சரியா, மஞ்சூரியாவுக்கு விசாரணைக் குழு அனுப்பி யாருக்கு என்ன பயன் என்று கதைப்போம். அந்த நாடுகளைப் பற்றிக் கதைக்கும்போது எங்களுக்குள் ஒரு சங்கடமும் இல்லை. அவர் என்னிடம் அந்த ஐப்பசியைப் பற்றிக் கேட்கவில்லை. நான் அவரிடம் கேட்கவில்லை. மற்ற ஆறு நாட்களும் நான் அந்த ஒரு நாளுக்காகத்தான் எழுந்தேன். ஆகவே அதைக் கெடுக்கும் எதையும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஆனால் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். பழைய குகதாசன் பிரான்சைத் திட்டியவர். இந்தக் குகதாசன் பிரான்சுக்காகப் பேசினார். முதலில் மெதுவாக: பிரான்ஸ் முதலாம் போரில் ஒரு தலைமுறையையே இழந்த நாடு, அதையும் பார்க்க வேணும் என்றார். பிறகு வருடங்கள் போகப் போக உரத்து. அந்தப் பிரதமருக்கு விமானம் இல்லை, துணை இல்லை, நித்திரை இல்லை என்றார். நான் மறுத்துப் பேசாத நாட்களிலும் அவர் யாரோ மறுத்ததுபோலப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் அந்த மழைநாளும் வந்தது. மேசையும் சரிந்த கோப்பையும்.

படலைக்குப் பின்னால்

நான் துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன். பிறகு கேட்டேன்.

"குகதாசன், நீர் இப்ப பிரான்சைப் பற்றித்தான் கதைக்கிறீரோ?"

அவர் சரிந்த கோப்பையை நிமிர்த்தி வைத்தார்.

"அண்டைக்கு உமக்குத் தெரியுமோ? எங்களைக் கொண்டு போறாங்கள் எண்டு?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "என்ன கேள்வி இது? உமக்குத் தெரியாதோ?"

"என்னது?"

"நான் நிண்டனான் ஜெமீல். படலைக்குப் பின்னாலை நிண்டனான். லொறி எங்கடை வாசலிலை வேகம் குறைச்சுத்தான் போனது. உம்மடை மகள் என்னைக் கண்டவள். படலை இடுக்குக்குள்ளாலை கண்டிட்டு 'மாமா' எண்டு கை காட்டினவள்." அவருடைய வாய் கோணியது. "நான் குனிஞ்சிட்டன்."

கையில் இருந்த துணியை நான் மேசையில் வைத்தேன்.

"அவள் உமக்குச் சொல்லியிருப்பாள் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான். நீர் தெரிஞ்சுகொண்டுதான் எனக்குத் தேத்தண்ணி தாறீர் எண்டு நினைச்சனான். எண்டைக்கோ கேப்பீர் எண்டு ஒவ்வொரு வெள்ளியும் வந்தனான்."

அவர் எழுந்தார். மழை விடவில்லை. நில்லும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஸ்கூட்டர் இரண்டு தரம் இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆனது. வாசலில் நின்று அதைப் பார்த்தேன்.

சுமையா சொன்னது

மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். வழக்கமாக அவள்தான் எடுப்பாள், நான் எடுத்ததும் பயந்துவிட்டாள்.

"வாப்பா, சுகமில்லையா?"

"சுகம்தான். ஒரு விஷயம் கேக்கிறன். லொறியிலை போகேக்கை அரியாலை மாமாவைக் கண்டனியா?"

அந்தப் பக்கம் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அவள் ஒரு கதவைச் சாத்தினாள்.

"கண்டன் வாப்பா."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உம்மா சொல்ல வேணாம் எண்டாங்க. உம்மாவும் கண்டவங்க."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். ராஹிலா அந்தக் கொட்டிலில் எத்தனை இரவு என் பக்கத்தில் படுத்திருந்து, குகதாசனுக்கு விஷயம் தெரிந்திருக்காது என்று நான் சொல்வதைக் கேட்டிருப்பாள். ஒரு தரம்கூட அவள் மறுக்கவில்லை. "ஓம், தெரிஞ்சிருக்காது," என்று சொல்லியிருக்கிறாள்.

"வாப்பாவுக்கு அந்த ஊரில நல்லதா மிஞ்சியிருக்கிறது அவர் ஒருத்தர்தான், அதையும் நாங்க எடுக்கக் கூடாது எண்டு உம்மா சொன்னாங்க," என்றாள் சுமையா.

"உனக்கு அவரிலை கோவமில்லையா?"

"அப்ப இருந்திச்சு. கொஞ்ச நாள் எனக்கு மாமா எண்ட சொல்லே பிடிக்கல்ல." அவள் நிறுத்தினாள். "வாப்பா, லீவுக்கு நான் ஒருக்கா வாறன். அவர நான் பாக்கணும்."

அடுத்த வெள்ளி அவர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. நான் இரண்டு கோப்பையையும் எடுத்து வைத்துக் காத்திருந்தேன். கோபத்தில் காத்திருந்தேனா, வேறு எதிலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கோபமும் இருந்தது. அவர் இல்லாத வெள்ளிக்கிழமை அதைவிடப் பெரிதாக இருந்தது.

இரண்டு மகன்கள், ஒரு காரணம்

சுமையா பாடசாலை விடுமுறைக்கு வந்தாள். இருவரும் ஓட்டோ பிடித்து அரியாலைக்குப் போனோம். பழைய படலை இல்லை, இரும்புக் கேற் போட்டிருந்தார். அவர் உள்ளே சாய்மனைக் கதிரையில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்ப முயன்று, முதல் தரம் முடியாமல் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

நாற்பது வயது கடந்த பெண்ணை அவர் அடையாளம் கண்டது எப்படியென்று தெரியவில்லை. ஆனால் கண்டுகொண்டார்.

"இருங்கோ மாமா," என்றாள் சுமையா. அவருக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

அவர் அவளைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துப் பேசினார். "அண்டைக்குக் காலமை சந்தியிலை நிண்ட இயக்கப் பொடியள், ஒருத்தரும் றோட்டுக்கு வரக்கூடாது எண்டு சொல்லிப் போட்டுப் போனவங்கள். என்ரை மூத்தவன் உள்ளுக்கை நிண்டவன். அவனை இயக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிடுவாங்கள் எண்டு மாதக் கணக்கா அறைக்குள்ளை ஒளிச்சு வைச்சிருந்தனான். நான் வெளியிலை வந்து சத்தம் போட்டால் வீட்டுக்குள்ளை வருவாங்கள். அதுதான் காரணம்."

பிறகு, "சாட்டுச் சொல்லேல்லை பிள்ளை. காரணத்தைச் சொல்லுறன். கையைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். அதுக்கு ஒருத்தரும் என்னைச் சுட்டிருக்க மாட்டாங்கள்," என்றார்.

அவருக்கு மகன் இருந்தான் என்பது எனக்குத் தெரிந்த விஷயம். எனக்கும் மகன் இருந்தான், ராஹிலாவின் மடியில். இரண்டு தகப்பன்களும் தங்கள் தங்கள் பிள்ளையைத்தான் அன்று பிடித்துக்கொண்டிருந்தோம். நான் லொறியில். அவர் வீட்டில். இதை எழுதும்போது அது நியாயமாகப் படுகிறது. அன்று அவர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அப்படிப் படவில்லை.

"என்னை மன்னிச்சுக் கொள்ளு பிள்ளை," என்றார்.

சுமையா அவருடைய கையைப் பிடிக்கவில்லை. ஆனால் குரல் மென்மையாக இருந்தது. "மாமா, நீங்க குனிஞ்சது பயத்திலதான் எண்டு எனக்கு அப்பவே விளங்கிச்சு. நானும் பயந்துபோய்த்தான் இருந்தன். எனக்கு உங்களோட கோவமில்ல."

அவர் தலையை ஆட்டினார்.

"ஆனா நான் இஞ்ச வந்து இருக்க மாட்டன்," என்றாள். "என்ட பிள்ளைகளையும் கொண்டு வர மாட்டன். வாப்பா கேட்டுக் கேட்டுப் பாத்திட்டாங்க. கோவத்தில இல்ல. இந்த ரோட்டால வரேக்க எனக்கு வீடு தெரியல்ல மாமா, படலையெல்லாம்தான் தெரியுது. ஒவ்வொண்டுக்கும் பின்னால ஆர் நிக்கிறாங்களோ எண்டிருக்கு."

அவள் அதைச் சொன்னது அவருக்குத்தான். கேட்டுக்கொண்டிருந்தது நான். என்றைக்காவது அவர்கள் வருவார்கள் என்றுதான் மற்ற அறைகளுக்கும் கூரை போடக் கம்பு வாங்கி வைத்திருந்தேன்.

பஸ் நிலையத்தில்

இரண்டு நாள் கழித்துச் சுமையா புறப்பட்டாள். பஸ் நிலையத்துக்கு நாங்கள் போனபோது குகதாசன் மாஸ்டர் ஏற்கெனவே அங்கே நின்றார். நான் வரச் சொல்லவில்லை. கையில் ஒரு பையில் கறுத்தக் கொழும்பான் மாம்பழங்கள். பருவம் இல்லாத நாளில் எங்கே தேடினாரோ. சுமையா வாங்கிக்கொண்டாள்.

பஸ் வெளிக்கிட்டது. அவள் யன்னலால் எங்கள் இருவரையும் பார்த்துக் கை காட்டினாள். நான் காட்டினேன். அவரும் காட்டினார், பஸ் திரும்பி மறைந்த பிறகும் சிறிது நேரம்.

பிறகு இரண்டு கிழவர்கள் பஸ் நிலையத்தில் நின்றோம். வெள்ளிக்கிழமை அல்ல. போவதற்கு இருவருக்கும் இடமில்லை.

"நான் உம்மை மன்னிச்சிட்டன் எண்டு என்னாலை சொல்லேலாது," என்றேன்.

"வேண்டாம்," என்றார். "சொல்லாதையும்."

"ஆனா தேத்தண்ணி குடிப்பம்."

எதிரே இருந்த கடையில் போய் உட்கார்ந்தோம். வடைத் தட்டின் மேல் ஈ மொய்த்தது. வானொலியில் ஏதோ விளம்பரம் பாடிக்கொண்டிருந்தது. பிரான்சையோ வேறு எந்த நாட்டையோ பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

மனோன்மணி அக்கா கடைசி நாட்களில் எப்படி இருந்தார் என்று நான் கேட்டேன். அத்தனை வெள்ளிக்கிழமைகளில் ஒரு தரம்கூட நான் அதைக் கேட்டிருக்கவில்லை.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார்.